தனியார் பள்ளியில் நர்ஸ் வேலை: சம்பளம் பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"மாசம் பதினைஞ்சு" என்று கரஸ்பாண்டென்ட் (பள்ளித் தாளாளர்) சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். அது மொத்தச் சம்பளமா, சி.டி.சி.யா, அதாவது உங்களுக்காக நிர்வாகம் செய்யும் செலவு எல்லாம் சேர்ந்த தொகையா என்று முதலில் கேளுங்கள். பேசிய சம்பளத்திலிருந்து நிர்வாகத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் சில பள்ளிகள் அந்தப் பங்கையும் உள்ளே சேர்த்து, ஆரம்பத்திலேயே சி.டி.சி. கணக்கில் பேசுகின்றன.

தொகை குறைவாகத் தோன்றினால் பேச ஒரு பிடி இருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸ் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, நர்சிங் கவுன்சில் பதிவும் நடப்பில் வைத்திருப்பவர் அதைச் சுட்டிக்காட்டிப் பேசலாம்.

அடுத்தது பேஸிக், அதாவது அடிப்படைச் சம்பளம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். முழுத்தொகையும் பேஸிக், டி.ஏ. (அகவிலைப்படி) என்றால் உங்களிடம் பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் 13,087. பேஸிக்கை 7,500 என்று காட்டி மீதியை அலவன்ஸ் என்று போட்டால் பி.எஃப். 900 ரூபாய்தான், கையில் கூடுதலாக வருகிறதே என்று மனசுக்கு இதமாக இருக்கும். அந்தக் கூடுதல் உங்கள் பணமேதான். நிர்வாகம் தன் பங்காகப் போட வேண்டிய இன்னொரு 900 ரூபாய்தான் மாதாமாதம் காணாமல் போகிறது. பென்ஷன் கணக்குக்குப் போவதும் 1,250இலிருந்து 625 ஆகிவிடும்.

வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியிலும் (பணிக்கொடை) இதே அடி விழும். கடைசி மாத பேஸிக், டி.ஏ.வை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு 15,000 பேஸிக்கில் 51,923 ரூபாய். 7,500 பேஸிக்கில் அதில் பாதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே 4,000 ரூபாய் பேஸிக் போட்ட ஆர்டரை நீட்டினால் கேள்வி கேளுங்கள்.

இன்னொரு பொறி: இதுவரை பி.எஃப். கணக்கே இல்லாதவர், 15,000க்கு மேல் பேஸிக்கோடு சேர்ந்தால், அவரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் பள்ளிக்கு இல்லை. பழைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இருந்தால் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதத் தொகையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடாமல், அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது அங்கேதான் தெரியும்.

இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000. இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்கிரிமென்ட் கேட்கும்போது யோசிக்க வேண்டும். 20,800இலிருந்து 21,300 ஆனால் கூடுவது 500 ரூபாய்; போவது குடும்பத்துக்கே கிடைத்த மருத்துவ வசதி. கோட்டைத் தாண்டுவதென்றால் நன்றாகத் தாண்டும்படி கேளுங்கள், அல்லது பள்ளி செலவில் குடும்ப மருத்துவக் காப்பீடு கேளுங்கள். நடுவில் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசிவரை, பிடித்தம் தொடரும். பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும், வெளியே இருந்தால் பள்ளி தர வேண்டும்.

பள்ளிக்கே உரிய சிக்கல் மே மாதம். ஆசிரியர்களுக்கு விடுமுறை என்பதால் உங்களுக்கும் என்று எண்ண வேண்டாம். நர்ஸ் ஆசிரியர் அல்லாத பணியாளர். மே மாதச் சம்பளம் உண்டா, விடுமுறையில் வர வேண்டுமா என்பதை ஆர்டரில் எழுதி வாங்குங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு, ஒரு மாதம் இடைவெளி விட்டு, மறுபடி எடுக்கும் பழக்கம் உள்ள இடங்களில் சர்வீஸ் தொடர்ச்சியே கேள்விக்குள்ளாகும்.

ஹாஸ்டல் பள்ளியில் சாப்பாடும் அறையும் இலவசம் என்பார்கள். நல்லதுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் என்று வார்டன் கதவைத் தட்டும்போது அது டூட்டியா, உபகாரமா? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நான் லீவு போட்டால் சிக் ரூமை யார் பார்ப்பார்கள்?" ஒரு பெயர் வந்தால் உங்களுக்கு லீவு இருக்கிறது. "பார்த்துக்கலாம்மா" என்று வந்தால், ஆர்டரில் 12 நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) என்றிருந்தாலும் எடுக்க முடியாது. டூர், விளையாட்டு விழா, ஞாயிறு வேலை ஆகியவற்றுக்குப் படியோ மாற்று விடுப்போ என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் குழந்தைக்குக் கட்டணச் சலுகை என்றால், டியூஷன் கட்டணத்துக்கு மட்டுமா, வேன், புத்தகத்துக்கும் சேர்த்தா?

ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் அவர்களிடம் இருந்தால், பிறகு நடுவருடத்தில் வேறு நல்ல வேலை கிடைத்தாலும் நகர முடியாது.

வேலையை விடும்போது ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றும் எழுதி வாங்குங்கள். ஐந்து வருடம் முடிந்திருந்தால் கிராஜுவிட்டிக்கு 30 நாளுக்குள் எழுத்துமூலம் விண்ணப்பித்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். பள்ளி இழுத்தடித்தால் தொழிலாளர் துறையில் முறையிடலாம். பி.எஃப். பணத்தை மட்டும் அவசரப்பட்டு எடுக்காமல் அடுத்த பள்ளிக்கு மாற்றுங்கள். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் சேர வேண்டும்.