எலும்பு பயாப்சிக்குத் தயாராவது எப்படி? மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்தவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம் என்று ஸ்கேன் சொன்ன பிறகும் டாக்டர் பயாப்சி, அதாவது ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை, கேட்பார். "அதுதான் ஸ்கேனிலேயே தெரிகிறதே, இன்னும் எதற்கு எலும்பில் ஊசி?" என்று மனம் சலித்துக்கொள்ளும். அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், உடல்நிலை இடம் கொடுத்தால், நோய் முதல் முறை திரும்பும்போது இதைத் தவிர்க்க வேண்டாம் என்றே சொல்வோம்.

ஸ்கேனில் மின்னுவதெல்லாம் புற்று அல்ல. ஆறிவரும் எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகளால் மெலிந்த எலும்பில் விழுந்த விரிசல், எப்போதாவது வேறொரு புற்றுநோய் என எதுவாகவும் இருக்கலாம். அதைவிட முக்கியம், நோயின் குணம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. முதலில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி) பாசிட்டிவாக இருந்த கட்டி, எலும்பில் நெகட்டிவாக வரலாம். பி.ஆர். (புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் ஏற்பி) இன்னும் அடிக்கடி மாறும். ஹெர்-2 என்ற புரதம் சிலருக்கு மாறும். ஹார்மோன் மாத்திரையா, ஹெர்-2-வைக் குறிவைக்கும் மருந்தா, கீமோவா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. பழைய ரிப்போர்ட்டை மட்டும் வைத்து மருந்து தொடங்கினால் குறி தவறக்கூடும்.

படி 1: எந்த இடத்தில் எடுக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்

எலும்பில் பல இடங்களில் நோய் இருந்தாலும் எல்லா இடமும் பயாப்சிக்கு ஏற்றதல்ல. எலும்பு கரைந்திருக்கும் பகுதியிலும், எலும்பைத் தாண்டி மென்மையான சதையாக வளர்ந்த பகுதியிலும் துணுக்கு நன்றாக வரும். இறுகிக் கல்லாகிப்போன பகுதியில் ஊசி இறங்குவதே கடினம், இறங்கினாலும் புற்று அணுக்கள் குறைவாகவே கிடைக்கும். பெட்-சி.டி. என்ற ஸ்கேன் எடுத்திருந்தால் அதில் அதிகம் ஒளிரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். இடுப்பெலும்பு பெரிது, அருகே ஆபத்தான உறுப்புகளும் குறைவு என்பதால் பலருக்கு அங்கேதான் எடுப்பார்கள்.

கல்லீரலிலோ அக்குள், கழுத்து நெறிக்கட்டியிலோ நோய் இருந்தால், அங்கிருந்து எடுக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். எலும்பைவிட அந்தத் துணுக்கில் சோதனைகள் தெளிவாக வரும். ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

வலிக்காகக் கதிரியக்கம் திட்டமிட்டிருந்தால், அந்த இடத்தில் முதலில் பயாப்சி, பிறகு கதிர் என்ற வரிசை நல்லது. ஆனால் காத்திருக்கும் நாட்களில் கால் பலவீனமாவது, மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது என எதுவானாலும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். பயாப்சி தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 2: துணுக்கு லேபில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பேசுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்.

எலும்புத் துணுக்கை அப்படியே மெல்லியதாகச் சீவ முடியாது. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்த பிறகு, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை நீக்கியாக வேண்டும். ஹைட்ரோகுளோரிக் போன்ற வலுவான அமிலத்தில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அமிலம் டி.என்.ஏ.-வைச் சிதைக்கும், ஈ.ஆர்., பி.ஆர். இருப்பதைக் காட்டும் சாயம் பிடிப்பதையும் குறைக்கும். பாசிட்டிவான கட்டி நெகட்டிவ் என்று வந்துவிடக்கூடும். ஹெர்-2 மரபணுவின் எண்ணிக்கையைப் பார்க்கும் ஃபிஷ் சோதனையும் மரபணுச் சோதனையும் தோற்றுப்போகலாம். ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைசல் சில நாட்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் இவற்றைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

அதனால் ஊசி போடும் நாளுக்கு முன்பே உங்கள் ஆன்காலஜி டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஈ.டி.டி.ஏ.-வில் செய்யச் சொல்ல முடியுமா? மென்மையான துணுக்குகளையும் ரத்தக் கட்டிகளையும் தனியாகப் பிரித்து, அமிலம் படாமல் வைக்க முடியுமா?" ஊசியோடு வரும் ரத்தக் கட்டியிலேயே சில நேரம் போதுமான புற்று அணுக்கள் இருக்கும்.

லேபுக்குப் போகும் படிவத்தில் "மார்பகப் புற்றுநோய் இருந்தவர், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 வேண்டும்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் சாதாரண எலும்புத் துணுக்கைப்போல் அமிலத்துக்குப் போய்விடக்கூடும். பழைய பயாப்சி ரிப்போர்ட்டின் நகலையும் கொடுங்கள்.

படி 3: மாத்திரைப் பட்டியலும் ரத்தப் பரிசோதனையும்

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் வழக்கமாக 5 நாள் முன் நிறுத்தச் சொல்வார்கள். புதிய வகை மாத்திரைகளுக்கு ஓரிரு நாள் போதும், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்குக் கூடுதலாகலாம். ஆஸ்பிரினைச் சிலருக்குத் தொடரச் சொல்வார்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவருக்கு அது பயாப்சியைவிடப் பெரிய ஆபத்து.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும், உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவையும் பார்ப்பார்கள். முதுகெலும்பு போன்ற ஆழமான இடம் என்றால் தட்டணு 50,000-க்கு மேலும், ஐ.என்.ஆர். சுமார் 1.5-க்குள்ளும் இருப்பதை எதிர்பார்ப்பார்கள். கீமோ நடந்துகொண்டிருந்தால் தட்டணு குறைந்து தேதி தள்ளிப்போகலாம்.

படி 4: முந்தைய நாளும் அன்று காலையும்

தூக்க மருந்து தருவதாக இருந்தால் பொதுவாக 6 மணி நேரம் திட உணவு கூடாது. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும், அளவை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை எப்போது போடலாம் என்றும் கேளுங்கள். ஏற்கெனவே வலிக்கிற எலும்போடு அரை மணி நேரம் அசையாமல் படுப்பதுதான் பலருக்கு ஊசியைவிடச் சிரமம்.

இடுப்பு, முதுகு என்றால் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். மார்பில் இம்பிளான்ட், அறுவை சிகிச்சைத் தழும்பில் வலி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். தலையணை வைத்தோ ஒருக்களித்தோ படுக்க வைப்பார்கள். அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையை விட்டு, மறு கையில் ஊசி ஏற்றச் சொல்லுங்கள். கூட ஒருவர் வரட்டும், திரும்பும்போது நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

படி 5: மேசையில் நடப்பது

முதலில் ஒரு சி.டி. எடுத்து இடத்தைக் குறிப்பார்கள். தோலில் மரத்துப்போகும் ஊசி சில நொடிகள் சுரீரென்று எரியும். பிறகு ஊசி ஆழமாகப் போய் எலும்பின் மேலுறையை மரக்கச் செய்யும். வலி நரம்புகள் நெருக்கமாக இருப்பது அந்த உறையில்தான். அங்கே மருந்து சரியாகப் பரவாவிட்டால் கூர்மையாக வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், "வலிக்கிறது" என்று வாயால் சொல்லுங்கள். ஆனால் உடலை அசைக்காதீர்கள். கூடுதல் மருந்து போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருப்பார்கள்.

பிறகு 2 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய் ஊசியைத் திருகி, சில நேரம் சிறு சுத்தியால் தட்டியோ துளையிடும் கருவியாலோ உள்ளே செலுத்துவார்கள். அந்தச் சத்தம் திடுக்கிட வைக்கும், முன்பே தெரிந்திருந்தால் பயம் குறையும். எலும்பின் உட்பகுதியை முழுதாக மரக்கச் செய்ய முடியாது. பல் பிடுங்கும்போது தாடையில் வருமே, அப்படி ஓர் அழுத்தமும், துணுக்கு எடுக்கும் நொடியில் ஓர் இழுப்பும் தெரியும். ஒரே துளை வழியாகப் பல துணுக்குகள் எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், தையல் தேவைப்படாது.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் நிறையப் பேருக்கு உண்டு. பரவிய மார்பகப் புற்றுநோயில் அப்படி நடப்பது மிக மிக அரிது. பயாப்சி இல்லாமல் தவறான மருந்தில் மாதங்கள் போவதுதான் உண்மையான நஷ்டம்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

சில மணி நேரக் கண்காணிப்புக்குப் பிறகு பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம். ஊசி போட்ட இடத்தில் உள்ள கட்டை ஒரு நாள் நனைக்காதீர்கள். சில நாட்கள் கனமான எதையும் தூக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் போதும். இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் கேட்டுவிட்டே போடுங்கள்.

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், சீழ், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், மூச்சுத் திணறல், திடீரென்று தாங்க முடியாத எலும்பு வலி, கால் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படி 7: ரிப்போர்ட்டை வாசிப்பது

ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். சுண்ணாம்பு நீக்கவும் சாயமிடவும் நேரம் தேவை, தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று நினைத்துக் கலங்க வேண்டாம். புற்று அணுக்களில் 1 சதவீதத்தில் ஈ.ஆர். இருந்தாலே பாசிட்டிவ் என்பார்கள், 1 முதல் 10 சதவீதம் வரை "குறைந்த பாசிட்டிவ்". ஹெர்-2 மதிப்பு 0, 1+, 2+, 3+ என வரும். 3+ பாசிட்டிவ், 2+ வந்தால் ஃபிஷ் சோதனை தேவை. 1+ என்பதையும், ஃபிஷ்ஷில் நெகட்டிவான 2+ என்பதையும் முன்பு வெறும் நெகட்டிவாக ஒதுக்கினார்கள். 2022 முதல் இவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்து ஒரு வாய்ப்பாக இருக்கிறது. எனவே "நெகட்டிவ்" என்று மட்டும் சொன்னால் சரியான எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பு பாசிட்டிவாக இருந்த ஈ.ஆர். இப்போது நெகட்டிவ் என்று வந்தால், எந்த அமிலத்தில் துணுக்கு இருந்தது என்று கேளுங்கள். "போதிய திசு இல்லை" என்று வந்தால் புற்று இல்லை என்று பொருளல்ல, ஊசி சரியான இடத்தைத் தொடவில்லை அல்லது அங்கே உயிருள்ள அணுக்கள் இல்லை என்று பொருள். வேறு இடத்தில் மறுபடி எடுக்கலாம். ஈ.எஸ்.ஆர்.1, பி.ஐ.கே.3சி.ஏ. போன்ற மரபணு மாற்றங்களை ரத்தத்திலும் தேடலாம், ஆனால் ஈ.ஆர்., ஹெர்-2 சாயச் சோதனைக்கு அது மாற்று ஆகாது. மெழுகில் பதித்த துணுக்குக் கட்டை, அதாவது பிளாக், எந்த லேபில் இருக்கிறது, அதன் எண் என்ன என்று குறித்து வையுங்கள். பின்னால் புதிய மருந்துக்கான சோதனை வந்தால் அதிலிருந்தே செய்ய முடியும்.