கடைக்குப் போகும்போது கையில் நாய் முடி இருக்கட்டும்

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய், பஞ்சு என்று ஒரு பெர்சியன் பூனை. மணியின் முடி அரை அங்குலம்கூட இருக்காது. ஆனால் ஊசி மாதிரி சோபாத் துணிக்குள் குத்திக்கொண்டு நிற்கும். பஞ்சுவின் முடி விரல் நீளம். துணியில் மேலாகத்தான் கிடக்கும், உருளுகிற எதைக் கண்டாலும் நூல்கண்டாகச் சுற்றிக்கொள்ளும். கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனர் வாங்க நினைக்கிறவர்கள், மெஷின்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டு முடியைக் கவனியுங்கள். எந்த முடி, எங்கே, எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்படிக் கவனிக்காமல்தான் முதல் மெஷினை வாங்கினேன். இணையத்தில் 25,000 பாஸ்கல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மொசைக் தரையில் நன்றாகவே இழுத்தது. சோபாவில் வைத்தால் மணியின் முடி அசையவில்லை. அம்மாவுக்கு வீசிங் உண்டு, அவர் நாள் முழுக்க உட்காருவதும் அந்த சோபாவில்தான். பழையபடி ரப்பர் கையுறையை நனைத்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்கல் என்று போடுவது, மெஷினின் வாயை முழுக்க அடைத்து, காற்று ஓடாத நிலையில் அளக்கும் அழுத்தம். முடியைத் தூக்கிக்கொண்டு போவதோ காற்றோட்டம். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற அளவு ஏர் வாட். பெட்டியில் அது இருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள். மோட்டார் 400 வாட் என்றால் அது இழுக்கும் மின்சாரம். உறிஞ்சும் திறன் வேறு. ஆனால் துணிக்குள் குத்திய முடிக்கு இந்த எண்கள் எதுவும் போதாது. முதலில் அதைத் தட்டிக் கிளப்ப வேண்டும். அதற்குத்தான் சோபாவுக்கும் மெத்தைக்கும் என்று தனியாக வரும் சின்ன பிரஷ்.

இந்தச் சின்ன பிரஷில் இரண்டு வகை. ஒன்று தனக்கென்று மோட்டார் வைத்தது. இன்னொன்று உள்ளே போகும் காற்றின் வேகத்தில் சுழல்வது. சோபாவில் கொஞ்சம் அழுத்தினாலே நின்றுவிடும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மெஷினில் மாட்டுகிற கழுத்துப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். மின்சாரம் போவதற்கான சின்ன உலோக முனைகள் இருந்தால் மோட்டார் உள்ளது. நாய், பூனை வைத்திருப்பவர்களுக்கு இது இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்பேன்.

இரண்டாவது முறை மணியைச் சீவி எடுத்த முடியை ஒரு கவரிலும், பஞ்சுவின் முடியை இன்னொன்றிலும் போட்டு, பழைய தலையணை உறை ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைப்பையன் ஒரு குஷனை எடுத்துப் போட்டார். உறையை அதன்மேல் விரித்து, முடியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, மூன்று மெஷினை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று மட்டும்தான் இரண்டு இழுப்பில் எடுத்தது. விலையில் அது நடுவில் இருந்தது.

அங்கேயே தரை பிரஷையும் கழற்றிப் பாருங்கள். டைல்ஸ், மொசைக் தரைக்கு மெத்தென்ற ரோலர் போதும். தடித்த கார்ப்பெட் இருந்தால் விறைத்த தூரிகை வைத்தது வேண்டும். நீள முடி உள்ள வீட்டில் முக்கியம், ரோலர் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கையோடு வெளியே வருகிறதா என்பது. சுற்றிய முடியைச் சீவித் தள்ளும் பல்வரிசை உள்ளே இருந்தால் நல்லது. இருந்தாலும் ரோலரின் இரண்டு நுனியிலும் முடி சேரும். மாதம் ஒருமுறை கத்தரி போட்டு எடுத்துவிடுவேன்.

பேட்டரிக்கு ஒரு சின்னக் கணக்கு. பெட்டியில் 25.2 வோல்ட், 2,500 எம்ஏஎச் (அதாவது 2.5 ஆம்பியர்-மணி) என்று இருந்தால், 25.2ஐ 2.5ஆல் பெருக்கினால் 63 வாட்-மணி. முழு வேகத்தில் 400 வாட் இழுக்கிற மெஷின் என்றால் ஒன்பது நிமிடச் சொச்சம்தான் ஓடும். விளம்பரத்தில் வரும் 60 நிமிடம் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில், சுழலும் பிரஷ் மாட்டாமல் எடுத்த கணக்கு. எங்கள் சோபாவுக்கும் இரண்டு மெத்தைக்கும் முழு வேகத்தில் எட்டு நிமிடம் ஆகிறது. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி கழற்றும்படி இருக்க வேண்டும், அதே பேட்டரி தனியாக விற்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. மதுரைச் சித்திரை வெயிலில் நான் அதை ஜன்னலோரம் சார்ஜ் போடுவதில்லை. ஓட்டி முடித்ததும் ஆறவிட்டுத்தான் போடுகிறேன்.

அம்மாவுக்காக நான் அதிகம் விசாரித்தது ஃபில்டரைத்தான். பூனை அலர்ஜிக்கு முடியைக் குறை சொல்கிறோம். அதன் எச்சிலிலும் தோலிலும் இருந்து வரும் புரதம்தான் காரணம், அது கண்ணுக்குத் தெரியாத தூசியாக மிதக்கும். எச்13 தர ஹெப்பா ஃபில்டர், மிக எளிதாக நழுவும் அளவுத் துகள்களில்கூட 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் தூசி சேரும் டப்பாவின் இணைப்பில் கசிவு இருந்தால் தூசி ஃபில்டருக்குப் போகாமலே வெளியே வரும். மெஷின் ஓடும்போது இணைப்புகளைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்கள், காற்று அடிக்கக் கூடாது. கழுவும் ஃபில்டர் என்றால் முழுதாகக் காய ஒரு நாளாவது வேண்டும், ஐப்பசி மழையில் அதற்கு மேலும் ஆகும். கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவை நான் கொல்லைப்புறத்தில்தான் தட்டுகிறேன், அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

உண்ணி, தெள்ளுப்பூச்சித் தொல்லை உள்ள வீட்டில் மெஷின் ஓடியதும் டப்பாவை உடனே காலி செய்யுங்கள். நாய் மூத்திரத்தையும் ஈரமான பூனை மணலையும் இதில் எடுக்கவே கூடாது; மணல் உள்ளே பசையாகிவிடும், ஈரம் மோட்டாருக்குப் போகும். சிந்திய கோலமாவையும் விபூதியையும் துணியால் துடையுங்கள், அந்த நைஸ் பொடி ஃபில்டரை அடைத்துவிடும்.

சத்தத்தையும் கடையிலேயே கேளுங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ்வரைதான் கேட்கும், நாய்க்கும் பூனைக்கும் அதைத் தாண்டியும் கேட்கும். நமக்கு உறுத்தாத கீச்சு அவற்றை விரட்டலாம். புது மெஷினை நான்கு நாள் ஓட்டாமல் ஹாலில் சும்மா சாய்த்து வைத்தேன். மணி மோந்து பார்த்துப் பழகினான். பிறகு அடுத்த அறையில் குறைந்த வேகத்தில் ஓட்டி, கூடவே ஒரு பிஸ்கட். பஞ்சு இன்னும் பீரோ மேல் ஏறிவிடுகிறாள். அவள் தானாக இறங்கும்வரை அந்த அறைக்குள் மெஷினைக் கொண்டுபோவதில்லை.