பாட்டி நகைக்கு விலை போடும்போது

பாகம் பிரிக்கும் நேரம் வந்தால் யாராவது ஒருவர் நகைப்பெட்டியைத் தெரிந்த கடைக்கு எடுத்துப்போய், "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பார். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாங்கப்போகிறவர் சொல்லும் விலை மதிப்பீடு ஆகாது, அது பேரம். நகையை வாங்காத மதிப்பீட்டாளரிடம் போங்கள். கூலியாக மதிப்பில் சதவீதம் கேட்டால் வேண்டாம்; மதிப்பு ஏற ஏற அவர் கூலியும் ஏறுமே!

எதற்காக மதிப்பீடு என்பதையும் சொல்லாமல் விடுகிறோம். காப்பீட்டுக்கு என்றால் அதே அட்டிகையை இன்று புதிதாகச் செய்ய ஆகும் செலவைப் போடவேண்டும்: செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேரும். பாகத்துக்கு என்றால் விற்றால் கையில் வருவதுதான் கணக்கு. செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. விற்ற பிறகு வரிக்கணக்கு வேறு. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த நகை என்றால், அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம்.

சண்டை வருவது பெரும்பாலும் எடையில்தான். 5 பவுன் அட்டிகை என்றால் தராசு 40 கிராம் காட்டும். கெம்புக் கல்லும் உள்ளே இருக்கும் அரக்கும் 9 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 31. அது 22 காரட்டாகவே இருந்தாலும் சுத்தத் தங்கம் 28.4 கிராம்தான். பழைய நகையில் பற்றவைக்கப் போட்ட உலோகப் பொடியால் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, இன்னும் குறையலாம். மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் காட்டுவதை அப்படியே நம்பவும் வேண்டாம், அது மேல்பரப்பைத்தான் படிக்கும். சந்தேகம் வந்தால் ஓரத்தை லேசாக அராவி, உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹால்மார்க் முத்திரையோடு வரும் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண் இல்லாததாலேயே பழைய நகை போலி ஆகிவிடாது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டாயம் கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான். எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்த்துவிடலாம்.

வைரத்தோட்டைத் தங்க எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'ப்ளூ ஜாகர்' வைரம் என்று பெருமையாகச் சொல்வது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கப் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயர் மட்டும் சான்று ஆகாது. கல்லைத் தனியாக ஆய்வகத்தில் காட்டவேண்டும்.

அப்புறம், "மொத்தம் இத்தனை பவுன்" என்று ஒற்றை வரியில் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு நகைக்கும் படம், மொத்த எடை, நிகர எடை, மாற்று, தேதி, அன்றைய தங்க விலை, எந்த நோக்கத்துக்கான மதிப்பு என்பதெல்லாம் கையெழுத்தோடு இருக்கட்டும். எடை போடும்போது பங்காளிகள் எல்லாரும் பக்கத்தில் இருங்கள்.