லீடிக் செல்லில் டெஸ்டோஸ்டிரோன் எந்த மடையில் அடைபடுகிறது? கண்டுபிடிக்கும் வழி

ஆண் எலிக்கு ஒரு பூச்சிக்கொல்லியையோ மருந்தையோ கொடுத்துப் பார்க்கிறோம், விந்தகத்தின் லீடிக் செல்கள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிடுகிறது. உடனே பி.சி.ஆர் (ஆர்.என்.ஏ அளவைப் பார்க்கும் சோதனை) பக்கம் ஓடி, கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சேர்க்கும் ஸ்டார் புரதத்தின் ஆர்.என்.ஏ கொஞ்சம் இறங்கியிருந்தால் அதுதான் காரணம் என்று எழுதிவிடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டுதானே போவோம்? அதையே செல்லிலும் செய்யலாம்.

முதலில் நல்ல செல் வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கட்டும். 90 நாள் வயதுள்ள எலியின் விந்தகத்தை எடுத்து, மேலுறையை உரித்து, கொலாஜினேஸ் (திசுவின் இணைப்பைக் கரைக்கும் நொதி) கலந்த மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) 34 டிகிரியில் மெதுவாக ஆட்டுங்கள். விந்தகம் உடம்புச் சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் இடம், 37 வேண்டாம். பத்து நிமிடம் போனால் கட்டியாக இருந்தது பிரிந்து, வெந்த சேமியா மாதிரி நுண்குழாய்கள் மிதக்கும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நான் முதல்முறை இன்னும் கொஞ்சம் பிரியட்டும் என்று அரை மணி நேரம் விட்டேன். செல்கள் உடைந்து டி.என்.ஏ வெளியே வந்து, பிப்பெட்டில் கோழை மாதிரி நூல் நூலாக இழுத்தது, அன்றைய வேலை மொத்தமும் போச்சு.

குழாய்கள் அடியில் படிந்ததும் மேலே இருப்பதை வலையில் வடிகட்டி, பெர்கால் (செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் திரவம்) அடுக்கில் சுழற்றி, மில்லிக்கு 1.07 கிராமுக்கு மேல் அடர்த்தி உள்ள பகுதியை எடுங்கள். அதில் ஒரு சொட்டை 3பீட்டா ஹெச்.எஸ்.டி (லீடிக் செல்லில் உள்ள ஒரு நொதி) சாயம் போட்டுப் பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள். மைக்ராஸ்கோப்பில் லீடிக் செல்கள் கருநீலமாகத் தெரியும், மற்றவை வெளிறியே இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறாவது நீலமாக இல்லை என்றால் மேலே போகாதீர்கள்.

அப்புறம்தான் விஷயமே. எல்.ஹெச் என்பது லீடிக் செல்லைத் தூண்டும் ஹார்மோன், அந்தச் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோவது சைக்ளிக் ஏ.எம்.பி; அதன்பின் கொலஸ்ட்ரால், பிரெக்னெனலோன், புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்று படிப்படியாக மாறித்தான் டெஸ்டோஸ்டிரோன் ஆகிறது, இவைதான் மடைகள். செல்களை எண்ணி வெல்களில் (தட்டில் உள்ள குழிகள்) சமமாகப் போட்டு, ஒன்றில் எதுவும் சேர்க்காமல், மற்றவற்றில் எல்.ஹெச் (மில்லிக்கு 100 நானோகிராம்), டைபியூட்டிரில் சைக்ளிக் ஏ.எம்.பி (செல்லுக்குள் நுழையக்கூடிய வடிவம், 1 மில்லிமோலார்), 22ஆர்-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ரால், பிரெக்னெனலோன், புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டீன்டையோன் (இந்த நான்கும் 20 மைக்ரோமோலார்) என்று தனித்தனியாகச் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். மீடியத்தில் சேரும் டெஸ்டோஸ்டிரோனை அளந்து, மருந்து படாத எலியிலிருந்து இதேபோல் எடுத்த செல்லோடு ஒப்பிடுங்கள்.

எல்.ஹெச்சுக்குக் குறைவு, ஆனால் சைக்ளிக் ஏ.எம்.பி கொடுத்தால் சரியாக வருகிறது என்றால் கோளாறு எல்.ஹெச்சை வாங்கும் ஏற்பி பக்கம். சைக்ளிக் ஏ.எம்.பிக்கும் குறைந்து, 22ஆர் கொடுத்ததும் சரியானால் கொலஸ்ட்ரால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேரவில்லை. 22ஆர் என்ற அந்தக் கொலஸ்ட்ரால் வகை சவ்வைத் தானாகவே கடந்துவிடும், ஸ்டார் தேவையில்லை, அதனால்தான் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. 22ஆரிலும் குறைந்து பிரெக்னெனலோனில் சரியானால் சி.ஒய்.பி.11ஏ1 நொதி. பிரெக்னெனலோனிலும் குறைந்து புரோஜெஸ்டிரோனில் சரியானால் 3பீட்டா ஹெச்.எஸ்.டி, ஆண்ட்ரோஸ்டீன்டையோனில்தான் சரியாகிறது என்றால் சி.ஒய்.பி.17ஏ1; அதிலும் குறைவு என்றால் கடைசி நொதியான 17பீட்டா ஹெச்.எஸ்.டி. இப்போது அந்த ஒரு புரதத்துக்கு மட்டும் பி.சி.ஆரோ வெஸ்டர்னோ (புரத அளவைப் பார்க்கும் சோதனை) போடுங்கள், பணமும் மிச்சம். எல்லா வெல்லிலும் மருந்து எலியின் செல் சரியாகவே சுரக்கிறது என்றால், ரத்தத்தில் எல்.ஹெச் குறைந்திருக்கிறதா, விந்தகத்தில் லீடிக் செல்களின் எண்ணிக்கையே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. டெஸ்டோஸ்டிரோனை அளக்கும் எலைசா கிட்டின் ஆன்டிபாடி, நீங்கள் ஊற்றிய ஆண்ட்ரோஸ்டீன்டையோனையும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் என்று எண்ணிக்கொள்ளலாம். அதனால் செல் இல்லாமல் அந்தச் சேர்மம் மட்டும் போட்ட வெல் ஒன்று கட்டாயம் வேண்டும், அந்த அளவைக் கழித்துவிடுங்கள். மீடியத்தில் சீரம் போட்டே ஆகவேண்டும் என்றால் கரியால் ஸ்டீராய்டு நீக்கியது மட்டும் வாங்குங்கள்.

எலி வசதி இல்லாதவர்கள் எம்.ஏ-10 என்ற சுண்டெலிக் கட்டிச் செல்லில் செய்யலாம், ஆனால் அதில் டெஸ்டோஸ்டிரோனைத் தேடாதீர்கள். அது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோனோடு நின்றுவிடும், அதைத்தான் அளக்க வேண்டும்.