கைவினைப் பெட்டியும் நம் ஊர் ஈரக் காற்றும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் பள்ளி விடுமுறை என்றால் மத்தியானத்துக்கு மேல் மழைதான். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கைவினைப் பெட்டி அருமையான துணை. வாங்கும்போதே பெட்டியின்மேல் 'எம்.சி.' (MC) என்ற மலேசியப் பாதுகாப்பு முத்திரையும் வயது வரம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். மணி, பொத்தான் போன்ற சின்னச் சாமான்கள் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது.

களிமண்தான் கவனம் கேட்கும். 24 மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், நம் ஈரக் காற்றில் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அதனால் உருவங்களை அரை சென்டிமீட்டர் தடிமனுக்குள் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்காதீர்கள். மேல்பக்கம் முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். கம்பி வலைத் தட்டில், நிழலில், காற்றாடி ஓடும் இடத்தில் வைத்து அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். மிச்சக் களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வெள்ளைப் பசையை ஊற்ற விடாமல் குச்சியால் மெல்லப் பூசினால் போதும். அக்ரிலிக் வண்ணம் துணியில் பட்டால் காய்வதற்குள் அலசிவிட வேண்டும். பழைய சட்டையே நல்லது.

பெட்டியில் உள்ளது தீர்ந்தால் ரப்பர் கொட்டை இருக்கிறதே! அதன் புள்ளிக் கோலத்துக்கு ஈடாக எந்தக் கடை மணியும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் வேகாத பருப்பு நஞ்சு, வாயில் வைக்க விடாதீர்கள். கோர்ப்பதற்கு ஓட்டை போடுவது பெரியவர்கள் வேலை.