மூச்சை எண்ணுகிறீர்களா? பத்தோடு நிறுத்துங்கள்

செயலிக்குச் சந்தா கட்டுமுன், தியானம் பழகத் தொடங்கும் இளைஞர்கள் மூச்சை வெளிவிடும்போதெல்லாம் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என எண்ணி, பத்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். நடுவில் எண் தவறினாலும் ஒன்றுக்கே திரும்ப வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் பௌத்தத் துறவி புத்தகோசர் பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல், எண்ணிக்கை ஐந்துக்குக் குறையவோ பத்தைத் தாண்டவோ கூடாது என்கிறது: குறைந்தால் மனம் இடநெருக்கடியில் தவிக்கும், தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பற்றிக்கொள்ளும். பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கை தன்பாட்டுக்கு ஓட, மனம் நாளைய தேர்வில் கிடப்பது பலருக்கும் தெரிந்த கதைதான். எண்ணாமலே கவனம் மூச்சில் நிற்கத் தொடங்கியபின் இது தேவையில்லை. மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்கள், மெதுவாக நடந்தபடி பாதம் தரையில் படுவதைக் கவனிப்பதே நல்லது.