போகும், போகிறேன், போயிருந்தேன்: ஆங்கில வினைச்சொல்லைச் சரியாகப் பிடிப்பது எப்படி

ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டே. பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர், கீழே சேலத்துக்குப் போக பஸ் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். வரவேற்பில் இருக்கும் பையன் சொல்கிறான்: "எஸ் சார், த பஸ் வில் கோ டெய்லி. ஐ ஆம் ஹேவிங் த டைமிங்ஸ். யெஸ்டர்டே ஆல்ஸோ ஒன் கெஸ்ட் ஹாஸ் கான்."

கேட்டவருக்குப் புரிந்துவிடும். ஆனால் மூன்று வாக்கியத்திலும் வினைச்சொல் தப்பு. கவனக்குறைவு என்று இதைத் தள்ள முடியாது, ஏனென்றால் மூன்றுமே சுத்தமான தமிழ். "பஸ் தினமும் போகும்", "டைமிங் வச்சிருக்கேன்", "நேத்துகூட ஒருத்தர் போயிருக்கார்". பையன் தமிழை அப்படியே பெயர்த்திருக்கிறான், அவ்வளவுதான். அதனால் பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்வதை விட, நம் வினைச்சொல்லின் ஒவ்வொரு வாலும் (-கிறேன், -உம் போன்ற கடைசிப் பகுதி) ஆங்கிலத்தில் எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பது வேகமான வழி. கீழே உள்ள உதாரணங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுங்கள்.

வால் போன வினைச்சொல்

தமிழில் "போறேன்" என்று ஒரே சொல்லில் நிறுத்தினாலும் போவது நான் என்று தெரியும். -ஏன், -ஆய், -ஆன், -ஆள், -ஆங்க, -அது என்று ஆளைக் காட்டும் வால் வினையிலேயே இருக்கிறது. ஆங்கிலம் அந்த வால்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. ஐ கோ, யூ கோ, வி கோ, தே கோ: எல்லாம் ஒரே "கோ". ஹி, ஷி, இட் மூன்றுக்கும் மட்டும் "கோஸ்".

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, ஆளை விட்டுவிட்டுப் பேச முடியாது. "யெஸ்டர்டே வென்ட் டு ஆத்தூர்" என்றால் யார் போனது என்று கேட்பவர் தவிப்பார். "ஐ" போட்டே ஆகவேண்டும். இரண்டு, மிச்சமிருக்கும் அந்த ஒரே ஒரு "ஸ்" ஒலிதான் சிம்பிள் பிரசென்டில் (ஐ கோ, ஷி கோஸ் போன்ற சாதாரண நிகழ்காலத்தில்) அக்ரிமென்ட், அதாவது ஆளுக்கு ஏற்ப வினை மாறுவது, முழுவதும். அதை விட்டால் காதில் உடனே உறுத்தும்.

வாக்கியத்துக்கு ஒரே ஒரு "ஸ்", இரண்டாவது கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஷி நோஸ்" என்பதை மறுக்கும்போது ஸ் "டஸ்" மேல் ஏறிக்கொள்ளும்: "ஷி டஸ் நாட் நோ". கேள்வியிலும் அப்படியே: "டஸ் ஷி நோ?" "டஸ் நாட் நோஸ்" என்று இரண்டு இடத்தில் ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. கேன், வில், ஷுட், மஸ்ட் வந்துவிட்டால் ஸ்ஸே கிடையாது: "ஷி கேன் டிரைவ்".

ஸ்பெல்லிங்கில் பெரிய சிக்கல் இல்லை. சும்மா எஸ் சேர்த்தால் போதும். எஸ்-எச், சி-எச், இரட்டை எஸ், எக்ஸ், ஓ இவற்றில் முடியும் சொல்லுக்கு ஈ-எஸ்: வாஷஸ், வாட்சஸ், கோஸ். மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் அது ஐ-ஈ-எஸ் ஆகும்: ஸ்டடி, ஸ்டடீஸ். பிளே போல ஒய்க்கு முன்னால் உயிரெழுத்து இருந்தால் வெறும் எஸ். "ஹேவ்" மட்டும் "ஹாஸ்".

"பீ" வினை மட்டும் பழைய வால்களில் சிலதை இன்னும் வைத்திருக்கிறது. ஐ ஆம்; ஹி, ஷி, இட் இஸ்; மற்றவர்க்கு ஆர். இறந்த காலத்தில் ஐ, ஹி, ஷி, இட் வாஸ், மற்றவர்க்கு வேர். இறந்த காலத்தில் ஆளுக்கு ஆள் மாறும் வினை இது ஒன்றுதான். வேறு எந்த வினையும் மாறாது: ஐ வென்ட், ஷி வென்ட், தே வென்ட்.

யார் தலைவர்?

வினை யாருக்கு ஏற்ப மாறுகிறதோ அந்த எழுவாயைத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடையில் கொலுசு தயாராகிவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். "த ஆங்க்லட்ஸ் ஆர் ரெடி" சரி. "த பேர் ஆஃப் ஆங்க்லட்ஸ் இஸ் ரெடி" இதுவும் சரி. முதலாவதில் பேச்சு கொலுசுகளைப் பற்றி. இரண்டாவதில் பேச்சு ஜோடியைப் பற்றி, ஜோடி ஒன்று. "ஆஃப்" என்ற சொல்லைக் கண்டால் பெரும்பாலும் அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள், வினைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்காதீர்கள். "த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி": கனப்பது பெட்டி, மல்கோவா எத்தனை இருந்தாலும் சரி. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் ஓமலூர்" என்பதில் நண்பர்கள் பன்மை, பேசப்படுபவர் ஒருவர். இங்கே "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று பன்மையை விழுங்குவது வழக்கமான சறுக்கல்.

அந்தச் சறுக்கலுக்கும் தமிழ்தான் காரணம். எண் வந்துவிட்டால் நாம் பன்மை போடுவதில்லை: ரெண்டு மாம்பழம், நாலு பஸ், பத்து ரூபா. ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் எஸ் வேண்டும்: டூ மேங்கோஸ், ஃபோர் பஸ்ஸஸ். அஃறிணைப் பன்மைக்கும் பேச்சில் "இருக்கு" ஒன்றே போதும் நமக்கு. ஆங்கிலத்தில் "தேர் இஸ் டூ ரூம்ஸ்" ஆகாது, "தேர் ஆர் டூ ரூம்ஸ்". ஆனால் தொகை, தூரம், உயரம் ஆகியவற்றை ஒரே அளவாக எண்ணிப் பேசும்போது ஒருமை: "டென் ருபீஸ் இஸ் இனஃப்". மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரமான 120 அடியைச் சொல்லும்போதும் "120 ஃபீட் இஸ் த ஃபுல் லெவல்" தான்.

மரியாதைப் பன்மை இன்னொரு பொறி. "மேடம் வந்திருக்காங்க", "அப்பா சொன்னாங்க" என்று நாம் ஒருவரையே பன்மையில் பேசுவோம். சேலம் பக்கம் இந்த "ங்க" போடாமல் பெரியவர்களைப் பற்றிப் பேசினால் வீட்டிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆங்கில வினையில் மரியாதைக்கு இடமே இல்லை. "மேடம் ஹேவ் கம்" என்பது தப்பு, "மேடம் ஹாஸ் கம்". கலெக்டராக இருந்தாலும் ஹி அல்லது ஷி, கூடவே ஸ். அவமரியாதை ஆகிவிடாது.

"எல்லாரும் வந்தாங்க" என்பது நமக்குப் பன்மை. "எவ்ரிபடி" ஒருமை: "எவ்ரிபடி இஸ் ஹியர்". ஈச், எவ்ரி, சம்படி, நோபடி எல்லாம் இதே கட்சி. "பீப்பிள்", "போலீஸ்" இரண்டும் பார்க்க ஒருமை போலிருக்கும், ஆனால் ஆர் எடுக்கும். "நியூஸ்" எஸ்ஸில் முடிந்தாலும் இஸ். லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் ஆகியவற்றுக்குப் பன்மையே கிடையாது. "லக்கேஜஸ்" என்று எந்த ஹோட்டல் பலகையில் பார்த்தாலும் நம்பாதீர்கள்.

-உம், -வேன்: தினப்படி வேலைக்கு "வில்" போடாதீர்கள்

"தினமும் காலையில காபி குடிப்பேன்." தமிழில் எதிர்கால வடிவமே வழக்கத்தையும் சொல்லிவிடும். அதனால்தான் "ஐ வில் டிரிங்க் காஃபி டெய்லி" என்று வாயில் வருகிறது. ஆங்கிலத்தில் வழக்கம், கால அட்டவணை, எப்போதும் உண்மையாக இருப்பது மூன்றும் சிம்பிள் பிரசென்ட். "ஐ டிரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்." "த பஸ் கோஸ் எவ்ரி டே." "த காட் ரோட் ஹாஸ் 20 ஹேர்பின் பெண்ட்ஸ்" (ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு). ஒரு -உம் வாக்கியம் வந்ததும் அதில் "வழக்கமா" என்ற சொல்லைச் செருகிப் பாருங்கள். பொருந்தினால் வில் வேண்டாம்.

"தெரியும்", "பிடிக்கும்", "வேணும்", "புரியும்" தனி ரகம். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்: தமிழில் இந்த வினை ஆளுக்கு ஏற்ப மாறாது. ஆகவே ஆங்கிலத்திலும் ஸ் மறந்துபோகும். "ஐ நோ", ஆனால் "ஹி நோஸ்". இவற்றுக்கு -இங் ஒட்டாது. "தெரிஞ்சுகிட்டிருக்கு" என்று நாம் சொல்வதில்லையே, அந்தக் காதையே நம்புங்கள். ஹேவ் ஒன்றில்தான் "வச்சிருக்கேன்" நம்மை ஏமாற்றும். கையில், சொந்தத்தில் இருப்பதற்கு "ஐ ஹேவ்" மட்டுமே: ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். சாப்பிடும் பொருளில் "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" சரி.

-கிறேன்: இதற்கு இரண்டு வாசல்

"காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன்", "இப்போ பழம் பறிக்கிறேன்". தமிழில் இரண்டுக்கும் ஒரே வால். ஆங்கிலத்தில் முதலாவது "ஐ வொர்க்", இரண்டாவது "ஐ ஆம் பிக்கிங்". சோதனை எளிது: இந்த நொடியில் போட்டோ எடுத்தால் அந்தச் செயல் படத்தில் விழுமா? விழுந்தால் ஆம், இஸ், ஆர் போட்டு -இங். இல்லையென்றால் சிம்பிள் பிரசென்ட். "நாளைக்கு ஏற்காடு போறேன்" என்று திட்டத்தைச் சொல்வதற்கு மட்டும் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் ஒன்று: "ஐ ஆம் கோயிங் டு யேர்காட் டுமாரோ".

"அஞ்சு வருஷமா இங்க வேலை செய்யறேன்" என்பதில்தான் பலர் விழுகிறார்கள். தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலம் அங்கே ஹேவ் கேட்கும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் 5 இயர்ஸ்". கால அளவு என்றால் ஃபார். தொடங்கிய புள்ளி என்றால் சின்ஸ்: சின்ஸ் 2020, சின்ஸ் மண்டே. "சின்ஸ் 5 இயர்ஸ்" கிடையாது.

-இருக்கேன், -இருந்தேன்: நேற்று என்ற சொல்லின் அதிகாரம்

"வந்திருக்கேன்" என்பதும் "ஐ ஹேவ் கம்" என்பதும் அச்சு அசலாகப் பொருந்தும். பிரசென்ட் பெர்ஃபெக்ட் நமக்கு ஏற்கெனவே தெரிந்த டென்ஸ்தான். சிக்கல் காலச் சொல் வரும்போது தொடங்குகிறது. "நேத்து போயிருக்கார்" தமிழில் இயல்பு. போனதற்கான தடயத்தை வைத்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 1934 என்று முடிந்துபோன காலம் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் ஹேவ், ஹாஸ் இரண்டும் வெளியே போய்விட வேண்டும்.

மேட்டூர் அணைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "த வாட்டர் லெவல் ஹாஸ் ரீச்ட் 120 ஃபீட்": எட்டிவிட்டது, இப்போது அணை நிறைந்து நிற்கிறது. "த வாட்டர் லெவல் ரீச்ட் 120 ஃபீட் யெஸ்டர்டே": எப்போது என்று சொல்லியாயிற்று, ஆகவே வெறும் பாஸ்ட். அணை கட்டி முடித்ததும் அப்படியே: "த டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934". ஜஸ்ட், ஆல்ரெடி, நெவர், யெட் ஆகியவை ஹேவோடு ஒத்துப்போகும். அமெரிக்கர்கள் "ஐ ஆல்ரெடி ஏட்" என்றும் சொல்வார்கள், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

"நேத்து சேலம் போயிருந்தேன்" என்பதை "ஐ ஹேட் கான் டு சேலம் யெஸ்டர்டே" என்று பெயர்க்காத தமிழர் குறைவு. போய்த் திரும்பியதைச் சொல்ல நமக்கு -இருந்தேன் வசதி. ஆங்கிலத்தில் அது வெறும் "ஐ வென்ட்". "ஹேட்" வரவேண்டுமானால் அதற்குப் பிறகு நடந்த இன்னொரு பழைய சம்பவம் அருகில் வேண்டும்: "வென் வி ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்". ரயில் முதலில் போனது, நாம் பிறகு சேர்ந்தோம். ஒரே சம்பவம்தான் என்றால் ஹேட் வேண்டாம்.

-வில்லை, -ஆல்: தமிழே சொல்லிக்கொடுக்கும் இரண்டு இடம்

"ஐ டிட் நாட் வென்ட்" என்று எழுதுகிறவர்கள் "போகவில்லை" என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கட்டும். போக + இல்லை. "போனவில்லை" என்று யாரும் சொல்வதில்லை. "டிட் நாட் கோ" அதே அமைப்பு: காலத்தை டிட் சுமக்கிறது, கோ வெறுங்கையோடு வருகிறது. கேள்வியிலும் "டிட் யூ கோ?" வழக்கமாகப் "போவதில்லை" என்றால் டோன்ட், டஸன்ட்.

"மழை வந்தால் போக மாட்டேன்." இதில் "வந்தால்" என்பதில் எதிர்காலம் இல்லை. ஆங்கிலத்திலும் இஃப் பக்கம் வில் போடாதீர்கள்: "இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கோ". "வீட்டுக்கு வந்ததும் கூப்பிடறேன்" என்பதும் அப்படித்தான்: "ஐ வில் கால் வென் ஐ ரீச் ஹோம்".

பாஸ்ட் டென்ஸ் ஒலி

ஈ-டி எழுத்தைப் பார்த்து "வாக்கெட்", "வாஷெட்" என்று படிக்கக் கூடாது. வாக்ட், வாஷ்ட், கால்ட், கிளீன்ட்: தனி அசை கிடையாது. வினை, நீட் போல D ஒலியிலோ வெயிட் போல T ஒலியிலோ முடிந்தால் மட்டும் தனி அசை வரும்: வான்டட், வெயிட்டட், நீடட். ஒழுங்கில்லாத வினைகளை அகர வரிசையில் படிக்காமல் ஓசை வாரியாகக் கட்டுங்கள். கட், புட், ஹிட் மாறவே மாறாது. பை, பிரிங், கேட்ச், டீச், திங்க் இவற்றின் பாட், பிராட், காட், டாட், தாட் ஒரு கட்டு. சிங் சாங் சங், டிரிங்க் டிராங்க் டிரங்க் ஒரு கட்டு. கம், ரன் இரண்டும் நடுவில் மட்டும் மாறித் திரும்பும்: கம் கேம் கம், ரன் ரேன் ரன். நாளுக்கு ஒரு கட்டுக்கு மேல் வேண்டாம்.

இருபது நிமிஷப் பழக்கம்

ராத்திரி நோட்டில் ஐந்து வரி, அன்றைக்கு நடந்ததை வைத்தே. வழக்கமாகச் செய்வது ஒன்று, எழுதும் நேரத்தில் வீட்டில் நடந்துகொண்டிருப்பது ஒன்று, நேற்று நடந்தது ஒன்று, இன்றைக்குள் முடித்துவிட்டது ஒன்று, நாளைக்குத் திட்டம் ஒன்று. ஐந்தையும் ஐ போட்டு எழுதுங்கள், பிறகு அம்மாவையோ தம்பியையோ தலைவராக்கி மாற்றி எழுதுங்கள், பிறகு ஐந்தையும் மறுத்து எழுதுங்கள். பதினைந்து வரி ஆகும்.

திருத்தும்போது எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடினால் எதுவும் அகப்படாது. மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை ஒவ்வொரு வரியிலும் தலைவரை வட்டமிடுங்கள். வட்டம் விழாத வரியில் ஆள் விட்டுப்போயிருக்கிறது. இரண்டாம் தடவை ஸ் மட்டும். மூன்றாம் தடவை காலச் சொல்லுக்கு அடிக்கோடிட்டு, யெஸ்டர்டே இருக்கும் வரியில் ஹேவோ ஹேடோ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தப்பு மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அதற்குரிய தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த வால் இழுத்தது என்று அதில் தெரிந்துவிடும்.